வட்டியில்லாத கிரேன்

வளைகுடாவில் இஸ்லாமிய பேங்க் வளர்ந்த கதையைப் படித்தவர்கள் புள்ளிவிவரத்தோடு எழுதுவார்கள். எனக்கு அந்தப் படிப்பு கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். ஆனால் அந்த பேங்க் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு கவுண்டரோடு இருந்த காலத்தில் அதன் வாசலில் போய் நின்றவர்களில் நானும் ஒருவன். நெற்றியில் திருநீற்றோடு நின்றேன். இன்றைக்கு ஷார்ஜா இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் என் யார்டுக்கு வந்து பார்த்தால் தெரியும், வரிசையாக நிற்கிற கிரேன்களில் ஒன்றுகூட வட்டிக் காசில் வந்ததில்லை. துபாயில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற எத்தனையோ கட்டடங்களின் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிற ஏசி மிஷின்களைத் தூக்கி வைத்தது என் இரும்புதான். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைதான்.

வட்டி என்ற சொல்லே எனக்கு ஆகாது. எங்கள் ராமநாதபுரம் பக்கம் மிளகாய்க் காட்டுக்காக அப்பா வாங்கிய கடன் முதலில் மாட்டைத் தின்றது, பிறகு காட்டைத் தின்றது, கடைசியில் அப்பாவையும் தின்றது. கொடுத்தவன் ஒரு நாளும் எங்கள் காட்டுக்குள் காலை வைத்ததில்லை. மழை பெய்ததா, காய் பிடித்ததா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டு வாசலில் வந்து நிற்பான், வாங்குவான், போவான். அந்த வயதிலேயே எனக்கு மனசில் விழுந்தது, காசு கொடுத்தவன் நம்மோடு வெயிலில் நிற்காதவரைக்கும் அவன் நமக்கு எதிரிதான் என்று.

முதலில் நான் இறங்கியது ரியாத். அங்கே பத்தா என்கிற பேட்டையில் ஒரு ரூமில் பத்துப் பேர். அங்கே ஹெல்ப்பர். பிறகு ஷார்ஜாவுக்கு வந்து ரிக்கர் ஆனேன். ரிக்கர் என்றால் கிரேன் தூக்குகிற சாமானுக்குக் கயிறு கட்டி, கையாட்டி, ஆபரேட்டருக்கு வழி காட்டுகிறவன். அந்த வேலையில் பேர் எடுத்த பிறகு, சொந்தமாக ஒரு பழைய சின்ன கிரேன் வாங்க வேண்டும் என்று வெறி வந்தது. அப்போதுதான் வட்டி வாங்காத பேங்க் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ரூமில் சொன்னதும் ஒரே சிரிப்பு.

"பட்டை போட்டுட்டுப் போ, உள்ளே கூப்பிட்டு பிரியாணி போடுவான்" என்றான் ஒருவன்.

போனேன். கவுண்டரில் ஒரு சூடான்காரர் இருந்தார். வெள்ளைத் தலைப்பாகை, என் வயதுதான் இருக்கும். நான் ரியாத்தில் பொறுக்கிய அரபியில், காசு வேண்டும் என்றேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"நாங்கள் காசு தருவதில்லை. நீ என்ன வாங்கப் போகிறாய், அதைச் சொல்."

கிரேன் என்றேன். அவர்கள் முறையை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னார். கிரேனை விற்கிறவனிடமிருந்து பேங்க் தன் பேருக்கு வாங்கும். அப்புறம் தன் லாபத்தை வெளிப்படையாகச் சொல்லி, எனக்குத் தவணையில் விற்கும். சொன்ன விலை சொன்ன விலைதான், ஒரு நாளும் ஏறாது. தவணை தள்ளிப்போனால் ஒரு அபராதம் உண்டு, ஆனால் அதை பேங்க் எடுத்துக்கொள்ளாது, தர்மத்துக்குப் போய்விடும். அந்த தர்மத்துக்கு நான் இதுவரை ஒரு காசு கொடுத்ததில்லை. தர்மம் பண்ண எனக்கு வேறு வழி இருக்கிறது.

ஆனால் என்னை அந்த பேங்கோடு கட்டிப்போட்டது இதெல்லாம் இல்லை. கிரேன் நின்ற யார்டுக்கு அவரே ஒரு ஓட்டை வண்டியில் வந்தார். கொதிக்கிற வெயில். இரும்பில் கை வைத்தால் தோல் உரியும். அவர் கிரேன் மேல் உள்ளங்கையை வைத்து, இதை வாங்கிக்கொண்டேன் என்று விற்கிறவனிடம் சொன்னார். கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"முஹந்திஸ், இந்த நிமிஷம் இது சாய்ந்து உடைந்தால் யாருக்கு நஷ்டம் தெரியுமா? எனக்கு. இதை இப்போது உனக்கு விற்கிறேன். வாங்கிக்கொள்கிறாயா?"

முஹந்திஸ் என்றால் அரபியில் இஞ்சினியர். ஐந்தாம் வகுப்புக்காரனை ஒரு பேங்க் ஆபீசர் இஞ்சினியரே என்று கூப்பிட்டார், விளையாட்டுக்குத்தான், ஆனால் அந்தப் பேர் எனக்கு நிலைத்துவிட்டது. "கபில்து" என்றேன். வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். அப்பாவுக்குக் கடன் கொடுத்தவன் ஒரு நாளும் நிற்காத வெயிலில் இந்த மனுஷன் நின்றார். நடுவில் ஒரு நிமிஷமாவது அந்த இரும்பு அவருடைய பாரமாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அந்த பேங்கை நான் கோயில் மாதிரி நினைத்தேன்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ஒரு கவுண்டர் ஒரு மாடியானது, மாடி கண்ணாடிக் கோபுரமானது. முதலில் சிரித்த பேங்குகள் எல்லாம் தங்கள் ஹாலில் ஒரு மூலையை ஒதுக்கி, பச்சை விளக்குப் போட்டு, இங்கேயும் இஸ்லாமிய முறை உண்டு என்று எழுதி வைத்தன. மலையாளி வந்தான், பிலிப்பினோ வந்தான், வெள்ளைக்காரன் வந்தான். வீடு, கார், கல்யாணம், பிள்ளைகள் படிப்பு, எல்லாம் அந்த முறையிலேயே வாங்கலாம் என்று ஆனது. இப்போது கார் வாங்குகிறவன் போனில் ஒரு பட்டனை அமுக்கி கபில்து சொல்லிவிடுகிறான், யார் கையும் எந்த இரும்பிலும் படுவதில்லை. ஆனால் பெரிய மிஷின் என்றால் நம்ம சூடான்காரர், அவரும் பெரிய ஆபீசராகி, தாடி நரைத்து, கீழே நாலு பேரை வைத்துக்கொண்ட பிறகும், என் விஷயத்துக்கு மட்டும் தானே வருவார். முஹந்திஸ் வாங்குகிறதை நான்தான் தொட வேண்டும் என்பார். எனக்கு அது போதும்.

இனி என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. என் கல்யாணத்தில் மணவறைப் பக்கத்தில் மூக்கு ஒழுக நின்ற பயல். மாமியார் போன பிறகு என் மனைவிதான் அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தாள். டிப்ளமா முடித்ததும் நான்தான் விசா எடுத்துக் கூட்டி வந்தேன். என் வீட்டில்தான் சாப்பாடு, என் யார்டில்தான் வேலை. நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். கம்ப்யூட்டர், ஈமெயில், சைட் ஆபீசில் இங்கிலீஷ் பேசுவது, எல்லாம் அவன்தான். எனக்கு முன்னால் உட்காரமாட்டான். எவனாவது கம்பெனிக்காரன் வந்து உங்கள் மேனேஜர் ரொம்பக் கெட்டிக்காரன் என்றால், என் தயாரிப்பு என்று நான் நெஞ்சைத் தட்டிக்கொள்வேன்.

இது கொஞ்ச காலம் முந்தி நடந்தது. ஒரு பெரிய கட்டடத்தில் ஒரு வருஷ வேலை எங்களுக்கு வர இருந்தது. அதற்கு என்னிடம் இருக்கிறதைவிடப் பெரிய கிரேன் ஒன்று வேண்டும். கிரேன் சைட்டுக்கு வந்து நிற்கிற அன்றைக்குத்தான் கான்ட்ராக்ட் உறுதி, இல்லாவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும். அந்த வேலை கிடைத்தால் இந்தத் தொழிலில் எனக்கு மேலே ஆள் இல்லை. கிடைக்காவிட்டால், வயதான என்னையும் என் பழைய மிஷின்களையும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இது எனக்கும் தெரியும், மச்சினனுக்கும் தெரியும்.

அந்த மாதிரி ஒரு கிரேன் பக்கத்து யார்டில் ஒரு பாகிஸ்தானி பட்டானிடம் இருந்தது. எனக்கு ரொம்ப நாள் பழக்கம். எங்கள் தொழிலில் பட்டான்களோடு வியாபாரம் என்றால் பயானா கொடுக்க வேண்டும். கையில் ஒரு முன்பணம், அதை வாங்கிவிட்டால் அப்புறம் யார் அதிகம் தந்தாலும் பொருளைத் தொடவிடமாட்டான். நானும் பயானா கொடுத்தேன். சூடான்காரரிடம் சொன்னேன். எல்லாம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பட்டான் யார்டுக்கு வந்து கையை வைக்கிறேன் என்றார்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் யார்டில் ஆயுத பூஜை என்றால் கேட்டுப் பாருங்கள். என் மனைவி பெரிய அண்டாவில் சுண்டல் செய்வாள். பாகிஸ்தானி டிரைவர்கள்கூடப் பொரிக்கு நிற்பார்கள். ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்கின பிறகுதான் அந்த வருஷம் அதற்குத் தொடங்கும். நசுங்காமல் ஒரு மிஷினை நான் சைட்டுக்கு அனுப்பியதில்லை.

காலையில் மச்சினன் வந்து பக்கத்தில் நின்றான்.

"மச்சான், புது கிரேனை மட்டும் விட்டுட்டா எப்படி? பெரிய வேலைக்குப் போற வண்டி."

அது இன்னும் நம்ம வண்டி இல்லடா, சூடான்காரர் கை வைக்க வேண்டும் என்றேன். அந்த விதி எனக்குத் தெரியாதா? ஊருக்கே வகுப்பு எடுத்தவன் நான். பேங்க் வாங்குவதற்கு முன்னால் பொருள் நம் கைக்கு வந்துவிட்டால், நம்முடையதை நமக்கே விற்ற மாதிரி ஆகிவிடும். அப்புறம் அது வியாபாரம் இல்லை, வட்டிக்கு வேஷம் போட்ட கடன்.

"சாமி கும்பிட்டா வாங்கினதாவா அர்த்தம்? பட்டான்கிட்ட நான் பேசுறேன். கொண்டுவந்து பழத்தை நசுக்கிட்டுத் திருப்பி விட்டுருவோம். நாள் போனா அடுத்த வருஷம்தான் மச்சான்."

என் மனைவியும் அங்கே நின்றாள். அவள் முகத்தில் ஆசை இருந்தது. பட்டானும் மறுபேச்சு சொல்லவில்லை. நம்ம இரண்டு யார்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தானே என்றான். கிரேன் வந்தது. வந்து நின்றபோது, சொல்கிறேன், யார்டே சின்னதாகிவிட்டது. மச்சினன் அதற்குள் ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆளைக் கூப்பிட்டிருந்தான். என் கம்பெனி பேர் ஆளுயர எழுத்தில் பூமில், அதாவது கிரேனின் நீட்டுக் கையில், ஏறியது. இது எதற்குடா இப்போதே என்று கேட்டேன். போட்டோவில் நன்றாக இருக்கும் மச்சான் என்றான். அண்ணாந்து என் பேரைப் படித்தேன். தமிழில் மட்டும் இல்லை, அரபியிலும் என் பேரை நான் படித்துவிடுவேன். எழுத்துக்கூட்டித்தான், ஆனால் படித்துவிடுவேன். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

என் மனைவி சுண்டலை எடுத்துக்கொண்டு டிரைவர்கள் ஷெட்டுக்குப் போய்விட்டாள். பூஜை நேரத்தில் கிரேன் பக்கத்தில் மூன்று பேர்தான். கேபினில் ஆபரேட்டர், தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த கிறிஸ்துவர், எங்கள் எலுமிச்சம்பழத்தை என்னைவிட நேராக நசுக்குகிறவர். கீழே சூடத் தட்டோடு நான். போட்டோ எடுத்துக்கொண்டு மச்சினன்.

திருப்பி விடுவதுதான் நடக்கவில்லை. ஆபரேட்டருக்கு மறுநாள் லீவு, திங்கட்கிழமை விடியலில் பட்டான் யார்டில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம், ஆபீசர் பத்து மணிக்கு மேல்தானே வருவார் என்றான் மச்சினன். சரி என்றேன்.

திங்கட்கிழமை ஆபரேட்டர் வருவதற்கு முன்னால் சூடான்காரர் வந்துவிட்டார். பட்டான் யார்டுக்கு வர வேண்டியவர், நேராக என் கேட்டுக்குள் வந்தார். நான் டீயோடு நின்றேன். டீயை வாங்கவில்லை. கிரேனைப் பார்த்தார், பூமில் பேரைப் பார்த்தார், சக்கரத்துக்கு அடியில் காய்ந்து கிடந்த பழத்தோலைப் பார்த்தார். அப்புறம் தன் போனை எடுத்துக் காட்டினார். அதில் நான் இருந்தேன். சூடம் எரிகிற தட்டு, கண்ணை மூடிக் கும்பிடுகிற நான், மேலே கேபினில் ஆபரேட்டர், எல்லாவற்றுக்கும் மேலே என் பேர்.

"உன் பூஜை எனக்குப் பிரச்சினை இல்லை, முஹந்திஸ். உன் சாமி, உன் யார்டு. நான் கேட்பது ஒன்றுதான். இதை நீ வாங்கிவிட்டாயா?"

பக்கத்தில் மச்சினன் தமிழில் மெதுவாக, இல்லைன்னு சொல்லுங்க மச்சான், சும்மா பார்க்கக் கொண்டுவந்தோம்னு சொல்லுங்க என்றான். அப்போது அது எனக்காகச் சொன்னது என்றே நினைத்தேன். ஆனால் அந்த மனுஷனிடம் நான் பொய் சொன்னதில்லை. அவரும் வெயிலில் நின்றவர், நானும் வெயிலில் நின்றவன். பயானா கொடுத்தேன், கொண்டுவந்தேன், பேர் போட்டேன் என்று மூன்றையும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் என்னைத் தட்டிக்கொடுத்து ஒரு வழி காட்டுவார் என்று நம்பினேன். அதுதான் உண்மை.

அவர் கிரேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கையை மட்டும் பின்னால் கட்டியிருந்தார்.

"உன்னுடையதை உனக்கே நான் எப்படி விற்பேன்?"

பட்டானிடம் திருப்பிக் கொடு, பேரை அழி, பயானாவைத் திரும்ப வாங்கு, எல்லாம் உண்மையாகவே ரத்து ஆகட்டும், அப்புறம் மனு போடு, எங்கள் மார்க்க அறிஞர்கள் கமிட்டி பார்த்துச் சொல்லும் என்றார். எத்தனை நாள் ஆகும் என்றேன். அது என் கையில் இல்லை என்றார். சைட்டில் கிரேன் நிற்க வேண்டியது அந்த வாரம். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு பழத்தோலை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையை வைத்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் தன் வண்டிக் கதவைத் திறந்தார். போகும்போது மட்டும், படத்தை அனுப்பியது எனக்குத் தெரியாத நம்பர், முஹந்திஸ் என்றார்.

கோபம் எல்லாம் முதலில் பேங்க் மேல்தான். கோபுரம் கட்டினவனுக்குக் கண்ணாடி வழியாக மனுஷன் தெரியாது என்று யார்டு முழுக்கக் கத்தினேன். மச்சினன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். போட்டோ எப்படிடா வெளியே போனது என்று கேட்டேன். ஸ்டேட்டஸில் போட்டிருந்தேன் மச்சான், நம்ம மேல் பொறாமை பிடித்தவன் எவனாவது எடுத்து அனுப்பியிருப்பான் என்று கண் கலங்கச் சொன்னான். நான் அவனைத் தேற்றினேன். நான் தேற்றினேன் அவனை.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வாட்ஸப்பில் வேறு வேலை கிடையாது, ஊரில் அக்கா தங்கைகள் போடுகிற ஸ்டேட்டஸ், தம்பி போடுகிற ஸ்டேட்டஸ், ஒன்றுவிடாமல் பார்ப்பாள். பேச்சுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன், பூஜை போட்டோவை உன் தம்பி ஸ்டேட்டஸில் போட்டானே, எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று.

"தம்பி அன்னைக்கு ஒண்ணும் போடலையே. நான்கூட ஏண்டா போடலைன்னு கேட்டேன். மச்சான் திட்டுவாருன்னான்."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். படத்தில் நான் இருந்தேன், ஆபரேட்டர் இருந்தார். இல்லாத ஆள் ஒருத்தன்தான். அவள் எழுந்து போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. போன் அணைந்திருந்தது. ஆபரேட்டரை ஓட்டச் சொல்லி நானே கிரேனைப் பட்டானிடம் கொண்டுபோய் விட்டேன். பேரை உரித்து எடுத்தோம், பசை போகவில்லை. பட்டான் பயானாவைத் திருப்பித் தந்தான். தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாய், என் பார்ட்னர் காத்திருக்கமாட்டான். ஒரு பார்ட்டி தயாராக வந்துவிட்டது. பேங்க் ஓகே எல்லாம் ஆகிவிட்டது."

எந்த பேங்க் என்றேன். நான் கோயிலாக நினைத்த பேங்கைச் சொன்னான். யார் பார்ட்டி என்றேன். பட்டான் தன் தாடியைத் தடவிக்கொண்டு, நீ கோபப்படாதே, வியாபாரம் எனக்கு வியாபாரம் என்று ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தி மாதிரி இல்லை, இப்போதெல்லாம் நம் ஆளும் கஃபீல் என்கிற அரபி ஜாமீன்தாரர் இல்லாமல் தன் பேரிலேயே லைசென்ஸ் எடுக்கலாம். மச்சினன் எடுத்து மாசக்கணக்காகிவிட்டது. என் யார்டில் உட்கார்ந்து, என் ஏசியில், என் டீயைக் குடித்துக்கொண்டு எடுத்திருக்கிறான். சைட் ஆபீசில் இங்கிலீஷ் பேசினவனும் அவன்தானே, ஒரு வருஷ வேலையும் அவன் பேருக்குப் போனது. எனக்கு பயானா கொடுக்கத் தெரிந்திருந்தது. என்னிடம் இருந்துகொண்டே அவன் கற்றுக்கொண்டது, பயானா கொடுத்தவனை எப்படிக் கிளப்பிவிடுவது என்பது.

ஒரு விஷயம் என்னால் இன்றைக்கும் முழுங்க முடியவில்லை. அவன் கேட்டிருந்தால் நானே பக்கத்தில் நின்று கம்பெனி போட்டுக் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். ஆனால் அவனுக்கு என்னிடம் கேட்டு வாங்கின கம்பெனி வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து என் மனைவிக்கு அவன் போன் செய்தான். புது வண்டிக்குப் பூஜை, நீதான் தேங்காய் உடைக்க வேண்டும் அக்கா, அம்மா இருந்தால் அம்மாவைக் கூப்பிட்டிருப்பேன் என்று. என்னையும் கூப்பிட்டானாம். அவள் என்னிடம் வந்து நின்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை, போக வேண்டாமா என்றும் கேட்கவில்லை. புடவையை மட்டும் கையில் வைத்திருந்தாள். நான் கார் சாவியை எடுத்தேன். வளர்த்தவள் அவள். அவளைத் தடுக்கிற அளவுக்கு நான் சின்ன ஆள் இல்லை. ஆனால் அவள் புடவை கட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினபோது, ஏறாமல் இருந்திருக்கலாமே என்று எனக்கு இருந்தது.

அவன் எடுத்திருந்த யார்டு இரண்டு தெரு தள்ளி. கேட்டுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு நான் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பட்டானிடம் சொல்லி, கிரேனை யார்டுக்குள் விடாமல், எதிரே பொதுவான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மாலை இல்லை, சந்தனம் இல்லை, பேர் இல்லை. எலுமிச்சம்பழக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு மச்சினன் தள்ளி நின்றான். முதலில் சூடான்காரர் போய் உள்ளங்கையை வைத்தார். பட்டானிடம் ஏதோ சொன்னார். திரும்பி மச்சினனிடம் சொன்னார். அவன் வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை, ஆனால் என்ன சொல் என்று தெரியும். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். கபில்து ஆன பிறகுதான் கூடையைக் கீழே வைத்தான். ஒரு தப்பு இல்லை. அத்தனை சுத்தமான வியாபாரத்தை நான்கூடச் செய்ததில்லை.

சூடான்காரர் பூஜைக்கு நிற்காமல் கிளம்பினார். என் காரைப் பார்த்துவிட்டு வந்து கண்ணாடி அருகில் நின்றார். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"படத்தை அனுப்பியவன் இவன்தான் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அன்றைக்குத் தெரியாது. இந்தக் கிரேனையே கேட்டு இவன் வந்தபோது புரிந்தது."

"புரிந்த பிறகும் விற்றீர்கள்."

அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"பொருள் பட்டானுடையதாக இருந்தது. இவன் வாங்கக் கேட்டான். என்னிடம் மறைத்தது எதுவும் இல்லை. உனக்கும் அவனுக்கும் நடுவில் இருப்பதை நான் விலைக்கு வாங்க முடியாது, முஹந்திஸ். அதற்குக் கணக்கு கேட்கிறவன் வேறு."

கலாஸ் என்றேன். முடிந்தது என்று அர்த்தம். அவர் என் தோளில் கை வைத்தார். இரும்பில் வைக்கிற அதே உள்ளங்கை. சூடாக இருந்தது. நான் தோளை நகர்த்திக்கொண்டேன்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. வட்டி வாங்குகிறவன் அயோக்கியன், வாங்காதவன் நல்லவன் என்று இத்தனை காலம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லித் திரிந்தவன் நான். வட்டியே இல்லாமல், ஒரு விதியும் மீறாமல், ஆபீசர் கையாலேயே, என் வீட்டுச் சோறு தின்றவன் என் கிரேனை எடுத்துக்கொண்டு போனான். ஒரு நிமிஷம் பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிற பேங்க் என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் இரும்பு விழுந்தால் தாங்கிக்கொள்வார்கள். ஆள் விழுந்தால் அது அவர்கள் வியாபாரத்தில் இல்லை.

மனைவி வந்து காரில் ஏறினாள். கையில் சுண்டல் டப்பா, அவன் கொடுத்துவிட்டது. நான் வண்டியை எடுக்கவில்லை. அவள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏண்டா இப்படிப் பண்ணினேன்னு கேட்டேன். மச்சான் எனக்கு எல்லாம் குடுத்தாரு, பேரை மட்டும் குடுக்கலை அக்கான்னான்."

"நீ என்ன சொன்னே?"

"தேங்காயை உடைக்காம அவன் கையில குடுத்துட்டு வந்துட்டேன்."

வீடு வந்து சேர்ந்தோம். டப்பாவை அவள் உள்ளே எடுத்துவரவில்லை, நானும் எடுக்கவில்லை. மறுநாள் வெயிலில் கார் முழுக்கச் சுண்டல் நாற்றம். அவள் வந்து டப்பாவை எடுத்துக் குப்பையில் கொட்டினாள். பிறகு டப்பாவின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் எங்கள் பேர் வெட்டியிருந்தது. எங்கள் வீட்டு டப்பா, அதில்தான் அவன் என் யார்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டு வருவான். கழுவித் துடைத்து மற்ற டப்பாக்களோடு அடுக்கினாள். இன்றைக்கும் அடுக்கில்தான் இருக்கிறது. அதில் மட்டும் அவள் எனக்குச் சோறு கட்டுவதில்லை.